இறங்க மாட்டேன்

டிப்போவில் அவளுக்கு வைத்த பெயர் இடி. பஸ்ஸின் பின்வாசலில் நின்று அவள் "உள்ள போங்க!" என்று ஒரு குரல் கொடுத்தால், முன்வாசலில் தொங்குகிறவன்கூடத் தன்னையறியாமல் ஒரு படி மேலே ஏறிவிடுவான். "ஹார்ன் கெட்டுப் போனா பரவாயில்ல சார், எங்க வண்டில கண்டக்டர் இருக்காங்க" என்று டிரைவர் ஒருமுறை மெக்கானிக்கிடம் சொன்னது டிப்போ முழுக்கப் பரவி, பிறகு யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அவளுக்குப் பிறவியிலேயே மூக்குக்கு மேல் கோபம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய். குரல் பிறவியில் வந்தது, கோபம் அப்படி வந்ததல்ல. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில்லறை இல்லாதவனிடம்கூட "இறங்கறதுக்குள்ள வாங்கிக்கிறேன், போங்க" என்று சிரித்தவள். கோபம் வந்தது மகள் பிறந்த பிறகு. மகளால் வந்ததல்ல, மகளைச் சுற்றி இருந்த மனிதர்களால் வந்தது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களிடம் அவளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் கோபம் வரும்.

பாப்பா நடந்தாள், ஓடினாள், பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. மிக்ஸி ஓடினால் மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டு காதைப் பொத்திக்கொள்வாள். முதல் டாக்டர், "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்றார். அடுத்தவர், "டி.வி. போட்டு உக்கார வச்சிட்டு வேலைக்குப் போயிடறீங்களா?" என்று கேட்டார். அதற்கும் அடுத்தவர் தலையைத் தூக்காமலே, "இது இப்படித்தான்மா இருக்கும். ஏத்துக்கப் பழகுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மணியடித்தார். ஏற்றுக்கொள்ளாமல் குழந்தையை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பதாம்? அதைக் கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கப் போனபோது தலைமையாசிரியை நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மத்த பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க."

"எந்தப் பேரண்ட்ஸ்?"

"பொதுவா சொல்றேன்."

"அந்தப் பொதுவா இருக்கறவங்க வீட்டு விலாசத்தக் குடுங்க. நேர்லயே போய்ப் பேசிக்கறேன்."

தலைமையாசிரியை முகத்தைச் சுளித்துக்கொண்டார். கதவு மூடியது. நாத்தனாரும் தன் பங்குக்கு விடவில்லை. தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவள், கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே வந்துடணும். பாப்பாவ மட்டும் எங்கயாச்சும் விட்டுட்டு வந்துடுங்க, என்ன?" என்றாள். எங்கயாச்சும். குடையை விட்டுவிட்டு வருவது மாதிரி. அந்தக் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. அண்ணன்காரனும் போகவில்லை.

அந்த அண்ணன்காரன், அவள் புருஷன், சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் அதில் ஒரு குசும்பு இருக்கும். பாப்பாவுக்கு அம்மாவின் குரலே ஆகாது என்பது அவர்களுக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. எந்தக் குரலால் ஊரை அடக்கினாளோ அந்தக் குரல் கேட்டால்தான் மகள் சுவரில் தலையை மோதிக்கொள்கிறாள் என்று தெரிந்த அன்று, அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் கிசுகிசுப்புத்தான். "டிப்போல இடி, வீட்டுல தூறல்" என்பான் புருஷன், பெயின்ட் கறை படிந்த கையால் அவள் தோளைத் தட்டி.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் டீச்சரம்மா வந்தாள்.

டீச்சரம்மா பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ஓர் அறக்கட்டளையின் களப்பணியாளர். பழைய மொபெட்டில், முன்னால் ஒரு துணிப்பை தொங்க, தெருத் தெருவாக வீடு தேடிப் போய், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. வந்த முதல் நாள் அவள் "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்கவில்லை. பாப்பா மேசைக்கடியில் இருந்தாள். டீச்சரம்மா தானும் குனிந்து மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். நீளமாக, கால் வெளியே தெரிய. வெகுநேரம் கழித்து அங்கிருந்தே கேட்டாள்.

"அக்கா, பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "சூடான துணி. இஸ்திரி போட்ட துணியக் கன்னத்துல வச்சிக்குவா."

"அப்ப, இஸ்திரி எங்க போடறாங்களோ அங்க போவோம்."

தெருமுனையில் ஒரு சலவைக்கடை இருந்தது. ஓட்டல் விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து மடித்து அனுப்பும் கடை. கடைக்காரருக்கு மனைவி இல்லை, இறந்துவிட்டாள். ஒரே மகள், அப்போது பத்து வயது. பிறக்கும்போதே மூளைக்கு மூச்சு எட்டாமல் போனதில் கையும் காலும் விறைத்தவள். கடையின் உள்ளறையில், மடித்த விரிப்புகளின் மேல் படுத்தபடியே யார் வந்தார், எது பாக்கி, எந்த ஓட்டலின் விரிப்பில் கறை போகவில்லை என்று எல்லாவற்றையும் இழுத்து இழுத்துச் சொல்வாள். அதனால் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். பேச்சு புரியக் கொஞ்சம் பழக வேண்டும். பழகிவிட்டால் அவள் கிண்டலில் தப்பிக்க முடியாது.

கடைக்காரர் தலைகீழ். வாடிக்கையாளர் திட்டினாலும் "சரிங்க", பாராட்டினாலும் "சரிங்க". "எங்கப்பாவ யாராச்சும் கொலை பண்ண வந்தாக்கூட, சரிங்க, சட்டைய மட்டும் கழட்டி வச்சிடறேன், கறையாயிடும்னுவாரு" என்பாள் மேனேஜர்.

பாப்பா அந்த உள்ளறையில் சூடான விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, முதல் தடவையாக ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்தாள்: தலையணை உறைகளை ஓரம் பிசகாமல் மடித்தாள். டீச்சரம்மா அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இருந்த மற்றப் பிள்ளைகளையும் அங்கே கூட்டி வந்தாள். அதில் முட்டைக்கடைக்காரியின் சின்னப் பையனும் ஒருவன். கழுத்து நிற்காது, எந்நேரமும் அம்மாவின் இடுப்பிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பான். அம்மாக்கள் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் கைகால் நீவிவிடக் கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்குள் பூட்டி வைத்து அழுதவர்கள் அங்கே உட்கார்ந்து சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். எதிரே டீக்கடைக்காரர், பாப்பா நடந்து வருவது தெரிந்தால் ரேடியோவை அணைக்கப் பழகினார். தெருமுனை பஸ் நிறுத்தத்தில் டிரைவர் ஹார்ன் அடிப்பதை விட்டுவிட்டார். ஒரு தெரு ஒரு பிள்ளைக்காகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான் நடந்தது. அதற்கே பல வருஷம் ஆயிற்று.

ஒரு நாள் டீச்சரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அறக்கட்டளை விழா நடத்துகிறது. நடக்க முடியாத பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி கொடுக்கிறார்கள். தலைவர் நேரில் வருகிறார்.

"நல்லதுதானே? ஏன் இப்படி முழிக்கிறே?"

"போட்டோ நிறைய எடுப்பாங்கக்கா. பேசுவாங்க. நீங்க கொஞ்சம் கோபப்படாம இருக்கணும்."

"நாற்காலி குடுத்தா நான் ஏன் கோபப்படப் போறேன்?"

விழா மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பாப்பா தாங்கமாட்டாள் என்று புருஷன் அவளை வெளியே மரத்தடியில் வைத்துக்கொண்டான். இடி மட்டும் உள்ளே போனாள். நாற்காலிகள் நிஜமாகவே நல்லவை. தலையைத் தாங்க மெத்தை, இடுப்புக்கு வார், காலுக்குப் பலகை, எல்லாவற்றையும் ஆளுக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைக்கலாம். முதுகுப் பக்கம் அறக்கட்டளையின் பெயர் தூரத்திலிருந்தே படிக்கிற அளவுக்கு.

மேனேஜரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். சலவைக்கடைக்காரர் முட்டி போட்டு, மகளின் கால்களைப் பலகையில் பொருத்தி வாரைக் கட்டினார். அவள் குனிந்து அவர் தலையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து படுத்தே கிடந்தவள். அப்பாவின் தாடையும் மோட்டுவளையும்தான் அவளுக்குத் தெரியும்.

"அப்பா!" என்று கத்தினாள். "உனக்கு நடுமண்டைல முடியே இல்ல!"

சொல்லிவிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். மகளின் முகம் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கேமராக்காரர்கள் அதைத்தான் எடுத்தார்கள். முட்டைக்கடைக்காரி தன் பையன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சும்மா இருந்த தன் இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

தலைவர் பேசினார். கடவுளின் செல்லப் பிள்ளைகள் என்றார். கைதட்டினார்கள். கார் கிளம்பியது. அப்புறம் பேட்ஜ் குத்திய இளைஞர்கள் வந்து, "தூக்கிக்குங்கம்மா, தூக்கிக்குங்க" என்றார்கள்.

"எதுக்கு?" என்றாள் இடி.

ஒருங்கிணைப்பாளர் என்று பேட்ஜில் எழுதியிருந்தவன் பொறுமையாக விளக்கினான். "பதிவு, சரிபார்ப்பு எல்லாம் இருக்கும்மா. முடிஞ்சதும் வீட்டுக்கே வந்துடும்."

"எப்ப முடியும்?"

"அதுக்குன்னு ப்ரொசீஜர் இருக்கு."

சலவைக்கடைக்காரர் "சரிங்க சார்" என்றார். குனிந்து வாரை அவிழ்த்தார். அவர் தோளில் மேனேஜர் மறுபடி மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தாள். முட்டைக்கடைக்காரியின் இடுப்புக்குப் பையன் திரும்பி வந்தான். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். டீச்சரம்மா சுவரோரம் வெளிறிப் போய் நின்றாள்.

பின்வாசலில் லாரி நின்றது. நாற்காலிகளை ஏற்றிக்கொண்டிருந்த லோடுமேனிடம் இடி போனாள்.

"எங்கப்பா போகுது வண்டி?"

அவனிடம் பொய் சொல்லும்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. "அடுத்த ஊருக்கும்மா. மதியம் அங்கயும் இதே ஃபங்ஷன்."

"இதே நாற்காலியா?"

"மொத்தமே இவ்ளோதாம்மா. மூணு மாசமா ஊர் ஊரா ஏத்தி இறக்கி என் இடுப்பே போச்சு."

என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்ததல்ல. ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்கிப் பழகிய கால் லாரியின் பலகையில் தாவியது. மேனேஜர் உட்கார்ந்த நாற்காலியைத் தேடிப் பிடித்து அதில் உட்கார்ந்தாள்.

ஒருங்கிணைப்பாளன் ஓடி வந்தான். "அம்மா, என்ன இது? இறங்குங்க."

"இறங்க மாட்டேன்."

"ப்ளீஸ்மா, நேரமாகுது."

"தம்பி, நான் கண்டக்டர். இறங்க மாட்டேன்னு சொல்றவன எப்படி இறக்கணும்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. கை வச்சுப் பாரு."

அவன் கை வைக்கவில்லை. போனில் யாரிடமோ பேசினான், தலையில் அடித்துக்கொண்டான், கடைசியில் டிரைவரிடம் "எடுப்பா வண்டிய, அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றான். லாரி நகர்ந்தது. மரத்தடியிலிருந்து புருஷன் பாப்பாவைப் பிடித்தபடி எழுந்தான். மனைவி லாரியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போவதைப் பார்த்து அவனுக்கு வாய் அடைத்துத்தான் போயிருக்க வேண்டும். ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "ஏம்மா, டிக்கெட் எடுத்தியா?" என்று கத்தினான். அப்பா தோளில் கிடந்த மேனேஜர் தலையைத் திருப்பி, "அத்தை! பிரேக்கப் போட்டுக்குங்க!" என்றாள்.

அது சமயோசிதமான யோசனை. முதல் வளைவிலேயே மற்ற நாற்காலிகள் வந்து அவள் முழங்காலில் மோதின. வழியெல்லாம் அவற்றைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டே போனாள். அழுதாள்தான், ஆனால் துக்கத்தில் அல்ல. குளிருக்கு ஒரு சட்டையைப் போட்டுப் பார்க்கக் கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு, கழற்றி வாங்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அதைத்தான் ஒரு பெண்ணின் முதுகெலும்பை வைத்துச் செய்திருக்கிறார்கள். அதற்குக் கைதட்டல் வேறு. அவளும்தான் தட்டினாள்.

அடுத்த ஊரில் அதே மாதிரி மண்டபம், அதே பேனர், குளித்துத் தலைவாரிக் காத்திருக்கும் பிள்ளைகள். ஒருங்கிணைப்பாளன் லாரியிலிருந்து குதித்து, தலைவருக்குத் தகவல் சொல்ல முன்பக்கம் ஓடினான். அவள் நாற்காலியோடு பின்பக்கமாக இறங்கி, தள்ளிக்கொண்டு, பெற்றவர்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போனாள். ஊரே கேட்கக் கத்தியிருக்கலாம். அவளால் முடியும். ஆனால் அங்கே காதைப் பொத்திக்கொண்டு இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. வீட்டுக் குரலில்தான் பேசினாள், ஒவ்வொருவரிடமும் குனிந்து.

"உங்க பிள்ளைய உக்கார வைப்பாங்க. போட்டோ எடுப்பாங்க. அப்புறம் தூக்கிக்கச் சொல்லுவாங்க. தூக்காதீங்க."

"நீங்க யாருங்க?" என்றாள் ஓர் அம்மா.

"காலைல எங்க ஊர்ல இதே நாற்காலில எங்க பிள்ளைங்க உக்காந்துச்சுங்க. இத பாருங்க." தலை மெத்தையில் மேனேஜரின் கிளிப் ஒன்று, நாலைந்து முடியோடு மாட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். கட்டட வேலைக்காரர் ஒருவர், மடியில் பெரிய மகன், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "ஓகோ" என்றார். அவ்வளவுதான்.

தலைவர் வந்தார், பேசினார். கடவுளின் செல்லப் பிள்ளைகள். படம் எடுத்தார்கள். பேட்ஜ் குத்தியவர்கள் வரிசையாக வந்தார்கள். "தூக்கிக்குங்கம்மா."

கட்டட வேலைக்காரர் சக்கரத்தின் மேல் கையை வைத்தார். "பரவால்லீங்க. நாங்க தள்ளிக்கிட்டே போயிடறோம்."

"இல்லண்ணே, பதிவு..."

"நீங்க பதிஞ்சுக்குங்க. நாங்க போறோம்."

அடுத்த அம்மா பிரேக்கைப் போட்டாள். அதற்கடுத்தவளும். ஒருத்தி தன் பிள்ளையின் நாற்காலி ஓரத்தில் தானும் பாதி உட்கார்ந்துகொண்டாள். போலீஸைக் கூப்பிடுவோம் என்றான் ஒருவன். "கூப்பிடு, அவங்களும் வந்து போட்டோ எடுத்துக்கட்டும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கேமராக்காரர்கள் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. தலைவர் மேடையில் நின்று சிரித்த முகத்தை மாற்றவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவித்தார். நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கின.

இடி மேனேஜரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். அந்த ஊர்க் கண்டக்டர், காலி நாற்காலியைப் பார்த்து, "ஆள் இல்லாத நாற்காலிக்கு லக்கேஜ் போடணும்" என்றான். தொழில்முறைப்படி அவன் சொன்னது சரிதான். ஆனாலும் அன்று அவனிடம் அவள் போட்ட சண்டையில் பஸ்ஸே எழுந்து நின்றது.

அன்று சாயங்காலம் மேனேஜர் சலவைக்கடை வாசலில் நிமிர்ந்து உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். கதை இதோடு முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

முடியவில்லை. மற்ற நாற்காலிகள் எல்லாம் அடுத்த ஊரோடு நின்றுவிட்டன அல்லவா? காலையில் அவற்றில் உட்கார்ந்த இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. முட்டைக்கடைக்காரி நடுத்தெருவில் நின்று கேட்டாள்.

"என் பையன் உக்காந்த நாற்காலிய எவளோ பிள்ளைக்குக் குடுத்துட்டு வந்திருக்கே. உன்ன யாரு கேட்டா? ப்ரொசீஜர் முடிஞ்சா குடுத்திருப்பாங்கல்ல?"

"குடுத்திருக்க மாட்டாங்கக்கா. ஊர் ஊரா..."

"உனக்கென்ன, உன் பொண்ணுதான் நடக்குறாளே!"

இடி திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

அறக்கட்டளை பழி தீர்த்தது. ஊழியர்களின் பாதுகாப்பு கருதி அந்தப் பகுதியில் பணி நிறுத்தம் என்றார்கள். டீச்சரம்மாவை எங்கோ தூரத்தில் ஒரு புதுக் கட்டடத்தின் வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள். டிப்போவுக்குப் புகார் போனது. பொது இடத்தில் தகராறு என்று இடியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சலவைக்கடை உள்ளறைக்கு ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். பாப்பா தலையணை உறையை எடுத்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். யாரும் வராததால், தன் மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்கினாள். அதில் ரத்தம் கன்றியிருப்பதைப் பார்த்த அன்று இடி அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போய்க் கத்தினாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு வாய் அசைவது மட்டும்தான் தெரிந்திருக்கும். காவலாளி அவளை நல்லபடியாகக் கெஞ்சி அனுப்பினார்.

"உன்னால ஒரு நாற்காலி வந்துச்சு" என்றான் புருஷன். ஆறுதலுக்குத்தான் சொன்னான்.

"என்னால ஒரு ரூமே காலியாச்சு" என்றாள் அவள், கிசுகிசுப்பில்.

அப்போதுதான் மேனேஜர் கிளம்பினாள். இப்போது அவளால் வெளியே போக முடியும் என்பதை எல்லோரும் மறந்திருந்தார்கள். அப்பாவைத் தள்ளச் சொல்லி, வராமல் நின்றுவிட்ட ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றாள். முட்டைக்கடையில் அவள் பேசியதைத் தெருவே கேட்டது. இழுத்து இழுத்துத்தான் வந்தது. வாயோரம் வழிந்த எச்சிலை அப்பா துடைக்க வந்ததைத் தலையை ஆட்டித் தடுத்துவிட்டுப் பேசினாள்.

"அவங்க தூக்கச் சொன்னப்ப நீங்க யாரும் வாயத் திறக்கல. எங்கப்பா வாரை அவரே அவுத்துவிட்டாரு. வாயத் திறந்தது ஒரே ஆளு. அவங்களத் தனியா உக்கார வச்சிட்டீங்க. அத்தை மேல கோபம்னா ரூமுக்கு வந்து சண்டை போடுங்க. உங்க பையன் காலை யாரு நீவி விடறா இப்ப? யாரு?"

முட்டைக்கடைக்காரி முட்டை அட்டையை எடுத்து இடம் மாற்றி வைத்தாள். மறுநாள் வந்தாள், பையனோடு. இடியோடு பேசவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார மட்டும் செய்தாள்.

வந்தவர்களை வைத்துக்கொண்டு இடி சொன்னாள், "தர்மம் கேக்கறவரைக்கும் இப்படித்தான். இனிமே தர்மம் குடுக்கறவங்ககிட்ட வேண்டாம். வரி வாங்கறவங்ககிட்டப் போவோம்."

நகராட்சி சுகாதார அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு தாழ்வாரம். அவர்கள் பிள்ளைகளோடு போய் அங்கே உட்கார்ந்தார்கள். அடுத்த நாளும் போனார்கள். அதற்கடுத்த நாளும். யாரும் கோஷம் போடவில்லை. பிள்ளைகள் பிள்ளைகளாக இருந்தார்கள்: ஒருவன் விடாமல் ஒரே சொல்லைச் சொன்னான், ஒருத்தி சுவரைத் தட்டினாள், பாப்பா அலுவலகத்தின் ஜன்னல் திரைகளைக் கழற்றிக் கச்சிதமாக மடித்து வைத்தாள். மேனேஜர் போகிற வருகிற குமாஸ்தாக்களுக்கெல்லாம் வணக்கம் வைத்து, யார் எப்போது வருகிறார் என்று உரக்கச் சொன்னாள். அது அங்கே யாருக்கும் பிடிக்கவில்லை.

கடைசியில் அதிகாரி வெளியே வந்தார். கூட்டத்தில் சாதுவாகத் தெரிந்தவரைப் பார்த்து, சலவைக்கடைக்காரரிடம் பேசினார். "பெரியவரே, உங்க கஷ்டம் புரியுது. அடுத்த மாசம் வாங்க, பாக்கலாம்."

எல்லோரும் அந்த "சரிங்க"வுக்காகக் காத்திருந்தார்கள்.

"இல்லீங்க" என்றார் அவர். நாற்காலிப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அடுத்த மாசம் வரமாட்டோம். இந்த மாசம் முழுக்க இங்கதான் இருப்போம். என் பொண்ணைப் படுக்க வச்சே பதினஞ்சு வருஷம் பொறுத்துட்டேன். உங்க பொண்ணா இருந்தா அடுத்த மாசம்பீங்களா? சொல்லுங்க. பதில் சொல்லிட்டுப் போங்க."

அதிகாரி உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார்.

கிடைத்தது பாதிதான். நகராட்சி, வீடு வீடாகப் போக ஒரு களப்பணியாளரைத் தற்காலிகமாக நியமித்தது. டீச்சரம்மா வரவேற்பு மேசையை உதறிவிட்டு அந்த வேலைக்கு வந்தாள். சலவைக்கடை உள்ளறைக்கு வாரம் ஒருமுறை ஒரு பயிற்சியாளர் வருகிறார். நாற்காலிகள் ஒவ்வொன்றாக, சொட்டுச் சொட்டாக வந்தன. இடிக்கு வேலை திரும்பக் கிடைத்தது, வேறு தடத்தில், ஊரிலேயே மோசமான ரோட்டில். பாப்பாவின் மணிக்கட்டு ஆறியது. அறக்கட்டளை அந்த வருஷத்துக் காலண்டரில் மேனேஜர் சிரிக்கும் படத்தைப் போட்டு, கீழே "புன்னகை தந்தோம்" என்று அச்சடித்திருந்தது. அப்பாவின் வழுக்கையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. இடி அதை டீக்கடைச் சுவரிலிருந்து கிழிக்கப் போனாள். "படம் இருக்கட்டும் அத்தை, நான் நல்லாருக்கேன் அதுல" என்றாள் மேனேஜர். "கீழ இருக்கற வரிய மட்டும் கிழிச்சிடுங்க."

முட்டைக்கடைக்காரியின் பையனுக்கு நாற்காலி கடைசியாக வந்தது. அதற்குள் அவன் முதுகு வளைந்துவிட்டிருந்தது. இத்தனை காலம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்ததில் இடுப்பு மூட்டும் நழுவியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இடி விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? முன்னாடியே சரியா உக்கார வச்சிருந்தா இது வந்திருக்காதே. அலட்சியம்" என்றார்.

முட்டைக்கடைக்காரி பையனை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். மெல்லத் திரும்பி, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக இடியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீ பேசு" என்றாள். "எனக்குத் தெம்பு இல்ல. நல்லாக் கேக்கற மாதிரி பேசு."

இடி பையனை அவளிடமிருந்து வாங்கி, கழுத்துக்கடியில் கையைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்தாள். அவனுக்கு உரத்த சத்தம் என்றால் கொள்ளைப் பிரியம். டாக்டர் பக்கம் திரும்பி, அந்த ஆஸ்பத்திரியின் எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.